சின்ன பிசினஸுக்கு நீங்களே வெப்சைட் போடறது எப்படி? ஆரம்பத்துல இருந்து முழுசா

முதல்ல லேப்டாப்பைத் திறக்காதீங்க, வாட்ஸ்அப்பைத் திறங்க. போன ஒரு மாசத்துல கஸ்டமருங்க உங்ககிட்ட என்னென்ன கேட்டிருக்காங்கன்னு மேல தள்ளிப் பாத்து ஒரு நோட்ல எழுதிட்டே வாங்க. காரைக்குடியில வீட்ல இருந்தே பலகாரம் போட்டு விக்கற ஒரு அக்கான்னு வச்சுக்குவோம், அவங்க சாட்ல என்ன இருக்கும்? தேன்குழல் கிலோ என்ன விலை, என்ன எண்ணெய்ல சுடறீங்க, அதிரசம் எத்தன நாள் கெடாம இருக்கும், சென்னைக்கு அனுப்புவீங்களா, கூரியர் சார்ஜ் தனியா, சீப்பு சீடை உடையாம வருமா, கல்யாணத்துக்கு அஞ்சு கிலோ வேணும்னா எத்தன நாள் முன்னாடி சொல்லணும். இந்த ஏழெட்டு கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். உங்க வெப்சைட்டுங்கறது இந்தக் கேள்விகளுக்கான பதில், அவ்ளோதான். "எங்களைப் பற்றி"ல பாரம்பரியம் தரம்னு நாலு பத்தி எழுதறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், யாரும் அதைப் படிச்சிட்டு ஆர்டர் போடறது இல்ல.

இன்ஸ்டாகிராம் பேஜே நல்லா ஓடுது, எதுக்கு வெப்சைட்னு கேப்பீங்க. நல்லா ஓடினா சந்தோஷம், விட்டுடாதீங்க. ஆனா அது உங்க இடம் இல்ல. கூகுளே கடைக்காரங்களுக்கு பிசினஸ் ப்ரொஃபைல் (கூகுள்லயும் மேப்லயும் கடையைக் காட்டற லிஸ்டிங்) வழியா இலவசமா ஒரு குட்டி வெப்சைட் குடுத்துட்டு இருந்தாங்க, 2024 மார்ச்ல அதை மொத்தமா நிறுத்திட்டாங்க, அதை மட்டும் நம்பி விசிட்டிங் கார்டுல அட்ரஸ் அடிச்சு வச்சவங்க எல்லாம் புதுசா ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. அதனாலதான் சொல்றேன், சின்னதா ஒரே ஒரு பக்கமா இருந்தாலும் பரவால்ல, உங்க பேர்ல ஒரு டொமைன், அதாவது வெப்சைட்டோட அட்ரஸ், அதுக்குள்ள உங்க சைட், அதோட பாஸ்வேர்ட் உங்க கையில. இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

டொமைன் வாங்கறது

பேரு சின்னதா இருக்கட்டும், போன்ல ஒரு தடவை சொன்னா எதிர்ல இருக்கறவங்க தப்பில்லாம டைப் பண்ணணும். நம்மூர் பேர்ல ஒரு சிக்கல் உண்டு, ழ, ள வந்தா ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங் போடுவாங்க, பலகாரம்னு அடிக்கச் சொன்னாலே ஒருத்தர் கே போடுவார் இன்னொருத்தர் ஜி போடுவார். அதனால வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல ரெண்டு பேர், தெருவுல ரெண்டு பேர்கிட்ட பேரை வாயால சொல்லி டைப் பண்ணச் சொல்லுங்க, நாலு பேரும் ஒரே மாதிரி அடிச்சா அந்தப் பேரு ஓகே. நடுவுல கோடு, நம்பர் எல்லாம் வேண்டாம்.

டாட் இன் போதும், டாட் காம் கிடைச்சா அதுவும் நல்லதுதான். ரெண்டுமே சாதாரணமா வருஷத்துக்கு சில நூறுல இருந்து ஆயிரம் ஆயிரத்து ஐநூறுக்குள்ள வந்துடும், ஆனா முதல் வருஷம் ஆஃபர்ல ரொம்பக் கம்மியா காட்டிட்டு அடுத்த வருஷம் ரின்யூவலுக்கு பல மடங்கு கேப்பாங்க, அதனால பணம் கட்டற பேஜ்லயே ரின்யூவல் ரேட் என்னன்னு தேடிப் பாத்துட்டு கட்டுங்க. தமிழ்லயே டாட் இந்தியான்னு முடியற டொமைனும் இருக்கு, பாக்க அவ்ளோ அழகா இருக்கும், எனக்கும் ஆசைதான், ஆனா அதை காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டினா பல நேரம் எக்ஸ்என்னுன்னு ஆரம்பிச்சு புரியாத இங்கிலீஷ் எழுத்தா நீளமா வரும், மெயில் ஐடிக்கும் எல்லா இடத்துலயும் ஒத்துக்காது. ரெண்டாவதா வாங்கி முதல் டொமைனுக்குத் திருப்பி விடலாம், முதல் டொமைனா வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். டொமைனை உங்க சொந்த மெயில் ஐடில, உங்க போன் நம்பர்ல, உங்க கார்டுலயோ ஜிபேலயோ பணம் கட்டி நீங்களே வாங்குங்க. சைட் டிசைன் பண்ண ஆள் வச்சாலும் சரி, சொந்தக்காரப் பையன் "நானே எல்லாம் பாத்துக்கறேன் சித்தி"ன்னு சொன்னாலும் சரி, டொமைன் மட்டும் நீங்க வாங்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரர் டிசைனரே எல்லாம் பாத்துக்குவாருன்னு விட்டுட்டார், டொமைன் அந்த டிசைனரோட மெயில்ல இருந்துச்சு, ரின்யூவல் மெயில் அங்கதான் போச்சு, அந்த ஆளு நம்பரை மாத்திட்டார். சைட் ஒருநாள் காலைல திறக்கல. பில் புக், அட்டைப் பெட்டி, கடை போர்டு எல்லாத்துலயும் அந்த அட்ரஸ் அச்சடிச்சு இருந்துச்சு, பெட்டி மேல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி மாசக்கணக்குல ஓட்டினார். அவரு தப்பு பண்ணல, யாரும் அவருக்கு இதை முன்னாடி சொல்லல, அதான் கொடுமை. வாங்கின உடனே ஆட்டோ ரின்யூவல் ஆன் பண்ணுங்க, அதோட போன் காலண்டர்ல ஒரு மாசம் முன்னாடியே அலாரமும் போட்டு வைங்க, ஏன்னா கார்டு மாறிட்டா ஆட்டோ ரின்யூவல் வேலை செய்யாது.

சைட்டை எதுல கட்டறது

ரொம்பப் புதுசு, கம்ப்யூட்டர் பழக்கமே இல்லன்னா கூகுள் சைட்ஸ்ல ஆரம்பிங்க. ஜிமெயில் இருந்தா போதும், இலவசம், இழுத்து இழுத்து வச்சா பேஜ் ரெடி, உங்க டொமைனை அதுல கனெக்ட் பண்ணிக்கலாம். கடை மாதிரி பொருளை ஒவ்வொண்ணா சேத்து வாங்கற கார்ட் எல்லாம் அதுல கிடையாது, ஆனா ஒரு மெனு, ரேட், வாட்ஸ்அப் லிங்க், மேப் போடறதுக்கு தாராளம். ஷாப்பிஃபை மாதிரி மாச வாடகை கட்டறது நல்லா இருக்கும், வேலை சுலபம், ஆனா மாசம் பத்து ஆர்டர் வர்ற இடத்துக்கு அந்த வாடகை பாரம்தான், ஆர்டர் பெருகினப்புறம் யோசிக்கலாம்.

கொஞ்சம் பொறுமை இருக்கு, கத்துக்கறேன்னா வேர்ட்பிரஸ். 2003ல இருந்து இருக்கு, சாஃப்ட்வேர் இலவசம், ஹோஸ்டிங்குக்கு, அதாவது சைட்டை நெட்ல வச்சிருக்கற இடத்துக்கு மட்டும்தான் காசு, எந்தச் சந்தேகம் வந்தாலும் யூடியூப்ல தமிழ்லயே வீடியோ கிடைக்கும், பெரிய லாபம் என்னன்னா ஹோஸ்டிங் கம்பெனி பிடிக்கலன்னா சைட்டை அப்படியே மூட்டை கட்டி வேற கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். ஹோஸ்டிங்ல இருக்கறதுலயே சின்ன ஷேர்டு பிளான் (பல சைட்டுங்க ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கறது) போதும். மாசம் இவ்ளோதான்னு பெருசா போட்டிருக்கற ரேட் பெரும்பாலும் மூணு நாலு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா வர்ற ரேட், அதையும் ரின்யூவலையும் பாத்துட்டு முதல்ல ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்குங்க. டொமைனும் ஹோஸ்டிங்கும் வேற வேற இடத்துல வாங்கினா, ஹோஸ்டிங் காரங்க குடுக்கற ரெண்டு நேம்சர்வரை (உங்க டொமைனை எந்த இடத்துக்கு அனுப்பணும்னு சொல்ற பேரு) டொமைன் வாங்கின அக்கவுண்ட்ல போய் மாத்தணும். மாத்தின உடனே தெரியலன்னு பயந்து திரும்பத் திரும்ப மாத்தாதீங்க, சில நிமிஷத்துலயும் வரும், ஒரு நாள் ரெண்டு நாளும் ஆகும்.

ஹோஸ்டிங் காரங்க குடுக்கற பேனல்ல எஸ்எஸ்எல்னு ஒரு இடம் இருக்கும், கஸ்டமருக்கும் சைட்டுக்கும் நடுவுல போற விவரத்தை அடுத்தவங்க படிக்க முடியாம பூட்டறது அது, லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்போட இலவச சர்டிஃபிகேட்டை ஆன் பண்ணிடுங்க. 2018 ஜூலைல இருந்து எஸ்எஸ்எல் இல்லாத சைட்டை குரோம் "நாட் செக்யூர்", பாதுகாப்பு இல்லன்னு காட்டுது, உங்க கடை வாசல்லயே யாரோ எச்சரிக்கை போர்டு மாட்டின மாதிரி இருக்கும். இதுக்குத் தனியா காசு கேட்டா குடுக்காதீங்க, சின்ன சைட்டுக்கு இலவசமே போதும்.

வேர்ட்பிரஸ் இன்ஸ்டால் பண்றது ஒரு பட்டன்தான். அப்ப யூசர்நேம் கேக்கும், அட்மின்னு வைக்காதீங்க, திருட்டுப் பசங்க முதல்ல அதைத்தான் முயற்சி பண்ணுவாங்க. உள்ள போனதும் செட்டிங்ஸ்ல ஜெனரல் போய் டைம்சோன் கொல்கத்தான்னு மாத்துங்க, அதுதான் நம்ம இந்திய நேரம். அடுத்து ரீடிங், அங்க கீழ சர்ச் எஞ்சின் வர வேண்டாம்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், சைட் ரெடியாகற வரைக்கும் டிக் இருக்கட்டும், ரெடியானதும் மறக்காம எடுத்துடுங்க, அந்த ஒரு டிக்கை எடுக்காம விட்டுட்டு கூகுள்ல வரவே மாட்டேங்குதேன்னு அலையறவங்க எக்கச்சக்கம். பெர்மாலிங்க்ஸ்ல, அதாவது ஒவ்வொரு பேஜோட அட்ரஸும் எப்படி இருக்கணும்ங்கற இடத்துல, போஸ்ட் நேம்னு வைங்க. ஹலோ வேர்ல்டுன்னு ஒரு போஸ்ட், சாம்பிள் பேஜ்னு ஒரு பேஜ் தானா வந்திருக்கும், ரெண்டையும் அழிச்சிடுங்க.

தீம், அதாவது சைட்டோட தோற்றம், ஏதாவது லேசானதா இலவசமானதா எடுத்துக்கங்க, அஸ்ட்ரா, கேடன்ஸ், ஜெனரேட்பிரஸ் மூணுல எதுன்னாலும் சரி. தீமுக்காக ஒரு வாரம் உக்காராதீங்க. காசு குடுத்து வாங்க வேண்டிய தீமை டெலிகிராம்ல ஃப்ரீயா குடுக்கறாங்கன்னு யாராவது சொன்னா தொடவே தொடாதீங்க, அதுக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தெரியாது, உங்க சைட்டைத் திறந்தா சூதாட்ட சைட்டுக்குப் போற கதையெல்லாம் பெரும்பாலும் அங்க இருந்து ஆரம்பிக்கறதுதான். ப்ளகினும் (கூடுதல் வசதிக்கு சேக்கற குட்டி சாஃப்ட்வேர்) அளவா போடுங்க, பேக்கப்புக்கு ஒண்ணு, பேஜ் சீக்கிரம் திறக்க வைக்கற கேஷுக்கு ஒண்ணு, ஆரம்பத்துக்கு அது போதும்.

பேஜ்ல என்ன வரணும்

இங்கதான் நேரம் செலவு பண்ணணும். உங்க கஸ்டமர் முக்கால்வாசி பேர் போன்லதான் பாப்பாங்க, அதனால போனைக் கையில வச்சுக்கிட்டே வேலை பாருங்க. திறந்ததும் முதல் ஸ்கிரீன்லயே மூணு தெரியணும், என்ன விக்கறீங்க, எந்த ஊரு, எப்படி ஆர்டர் பண்றது. "காரைக்குடி வீட்டுப் பலகாரம், செக்குக் கடலை எண்ணெய்ல சுட்டது, தமிழ்நாடு முழுக்க கூரியர்", அதுக்குக் கீழ பச்சைக் கலர்ல வாட்ஸ்அப் பட்டன். முடிஞ்சுது.

அந்த பட்டனுக்கு லிங்க் போடறது சுலபம், டபிள்யூஏ டாட் எம்ஈ போட்டு ஒரு சாய்கோடு, அப்புறம் 91 சேர்த்து உங்க நம்பர், பிளஸ், முன்னாடி சைபர், இடைவெளி எதுவும் கூடாது. அது பின்னாடியே மெசேஜும் சேர்த்து விடலாம், தேன்குழல் படத்துக்குக் கீழ இருக்கற பட்டனை அமுக்கினா "தேன்குழல் அரை கிலோ வேணும்"னு தானா டைப் ஆகி நிக்கற மாதிரி பண்ணுங்க. வயசானவங்களுக்கு, டைப் பண்ண சோம்பல் படறவங்களுக்கு இது பெரிய உதவி, உங்களுக்கும் யாரு எந்தப் பொருளைப் பாத்துட்டு வந்தாங்கன்னு தெரியும்.

விலையை எழுதுங்க. "விலைக்கு மெசேஜ் செய்யவும்"னு போடறது எனக்கு சுத்தமா பிடிக்காத பழக்கம், கேக்க கூச்சப்பட்டே பாதிப் பேர் போயிடுவாங்க. கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ மூணுக்கும் தனித்தனி ரேட், கூரியர் தனியா சேர்ந்தா, எந்த ஊருக்கு எவ்ளோன்னு எழுதுங்க. பஸ்ல போட்டு விடற வழக்கம் இருந்தா அதையும் சொல்லுங்க, எந்த ஸ்டாண்டுல, எத்தன மணிக்கு வந்து எடுத்துக்கணும்னு. பலகாரத்துக்கு இன்னொண்ணு, எத்தன நாள் தாங்கும்ங்கறதை ஒவ்வொரு பொருளுக்கும் எழுதணும், சீடை தாங்கற நாள் வேற அதிரசம் தாங்கற நாள் வேற. உடைஞ்சு போனா என்ன பண்ணுவீங்கன்னும் எழுதிடுங்க, "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து அதே நாள் அனுப்புங்க, உடைஞ்சதுக்குப் பதில் அனுப்பறோம்"னு ஒரு வரி இருந்தா பின்னாடி வாக்குவாதமே வராது.

படம் நீங்களே எடுங்க, கூகுள்ல தேடி அடுத்தவங்க எடுத்த படத்தைப் போடாதீங்க. காலைல பத்து மணி வாக்குல ஜன்னல் ஓரமா ஒரு தட்டுல வச்சு, லைட்டை அணைச்சிட்டு, ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. முறுக்கு பக்கத்துல கை ஒண்ணு தெரியற மாதிரி ஒரு படம் இருந்தா சைஸ் புரியும். போன்ல எடுத்த படம் ஒவ்வொண்ணும் மூணு நாலு எம்பி இருக்கும், அப்படியே ஏத்தினா நெட்வொர்க் வீக்கா இருக்கற ஊர்ல பேஜ் சுத்திக்கிட்டே நிக்கும். ஸ்க்வூஷ்னு ஒரு இலவச சைட் இருக்கு, அதுல படத்தைப் போட்டு அகலம் 1200 பிக்சல், வெப்பி ஃபார்மட்னு மாத்தினா 150, 200 கேபிக்குள்ள வந்துடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

தமிழ்ல எழுதறவங்க ஒண்ணு கவனிக்கணும். நோட்டீஸ் அடிச்ச டிடிபி சென்டர்ல இருந்து வாங்கின ஃபைலை காப்பி பண்ணி ஒட்டினா புரியாத இங்கிலீஷ் எழுத்தா கொட்டும், ஏன்னா அவங்க பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சிருப்பாங்க, வெப்சைட்டுக்கு எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோட் வேணும். கன்வர்ட்டர்கள் ஆன்லைன்லயே இருக்கு, இல்லன்னா போன்ல வாய்ஸ் டைப்பிங்ல பேசியே அடிச்சிடலாம். எழுத்துருக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இதெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். தமிழ் எழுத்துக்கு மேலயும் கீழயும் கொம்பு சுழி எல்லாம் வர்றதால வரி இடைவெளியை இங்கிலீஷை விட கொஞ்சம் கூட வைங்க, எழுத்து மூச்சு விடும்.

சட்டப்படி இருக்க வேண்டியது

பயப்படாதீங்க, பெரிசா ஒண்ணும் இல்ல, ஆனா இல்லாம இருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பொருள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) குடுக்கற 14 இலக்க நம்பர், பாக்கெட்ல அடிக்கறதையே சைட்லயும் போடுங்க. பாக்கெட் பண்ணி விக்கற பொருளுக்கு எடை, எம்ஆர்பி, தயாரிச்சவங்க பேர் அட்ரஸ் சைட்லயும் தெரியணும். 2020ல வந்த இ-காமர்ஸ் விதிகள்படி ஆன்லைன்ல விக்கறவங்க பேரு, முகவரி, தொடர்பு எண், புகார் சொல்ல ஒரு ஆளோட விவரம் இதெல்லாம் தெரியற மாதிரி வைக்கணும், புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சுதுன்னு பதில் சொல்லணும். ஜிஎஸ்டி விஷயத்துல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, டர்ன்ஓவர் கம்மின்னா வேண்டாம்ங்கறது மாநிலத்துக்குள்ள விக்கற வரைக்கும்தான், வரி உள்ள பொருளை பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பி வித்தா பொதுவா ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். "இந்தியா முழுக்க டெலிவரி"ன்னு பெருசா போடறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாத்துடுங்க.

பணம் வாங்கறது

ஆரம்பத்துல கேட்வே, அதாவது சைட்லயே பணம் வாங்கித் தர்ற சர்வீஸ், வேண்டாம்ங்கறது என் கருத்து. வாட்ஸ்அப்ல ஆர்டர், யூபிஐல பணம், அது போதும். பேமெண்ட் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பி பார்சல் கட்டாதீங்க, போலி ஸ்க்ரீன்ஷாட் போடறதுக்கே ஆப் இருக்கு, உங்க பேங்க் ஆப்ல பணம் ஏறிடுச்சான்னு பாருங்க. ஆர்டர் ஒரு நாளைக்கு கையால சமாளிக்க முடியாத அளவு வந்தப்புறம் வேர்ட்பிரஸை ஆன்லைன் கடையா மாத்தற ஊகாமர்ஸ் ப்ளகின் போட்டு ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி ஒரு கேட்வே சேத்துக்கலாம். கட்டணம் பொதுவா ரெண்டு சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு கணக்கு, 500 ரூபாய் ஆர்டருக்கு பத்து ரூபாய், அதுக்கு பதினெட்டு சதவீதம் 1.80, ஆக 11.80 போயிடும், விலை வைக்கும்போதே இதைச் சேத்து வைங்க. கேட்வே காரங்க அப்ரூவல் குடுக்கறதுக்கு முன்னாடி சைட்ல ப்ரைவசி, ரீஃபண்ட், ஷிப்பிங், டேர்ம்ஸ், கான்டாக்ட் பேஜ் எல்லாம் இருக்கான்னு பாப்பாங்க, அடுத்த சைட்ல இருந்து காப்பி அடிக்காம உங்க வழக்கம் எதுவோ அதை சாதாரணமா எழுதுங்க.

ஆளுங்களுக்குத் தெரிய வைக்கறது

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் போட்டு அதுல உங்க டொமைனைச் சேருங்க. வீட்ல இருந்து பண்றவங்க வீட்டு அட்ரஸை மேப்ல காட்டாம மறைச்சு, டெலிவரி பண்ற ஏரியாவை மட்டும் குடுக்கலாம், தனியா இருக்கற பெண்கள் முக்கியமா இதைப் பண்ணுங்க. ஆனா சட்டப்படி சைட்ல போட வேண்டிய முகவரியை மறைக்க முடியாது. அப்புறம் சர்ச் கன்சோல்ல (உங்க சைட் கூகுள்ல எப்படி வருதுன்னு காட்டற இலவச கூகுள் டூல்) சைட்டை வெரிஃபை பண்ணி சைட்மேப், அதாவது உங்க பேஜ் எல்லாத்தோட பட்டியல், குடுங்க, வேர்ட்பிரஸே 2020ல இருந்து சைட்மேப்பைத் தானா உண்டாக்குது, டொமைன் பின்னாடி சாய்கோடு போட்டு டபிள்யூபி ஹைபன் சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல்னு அடிச்சா வரும். பேஜ் தலைப்புல ஊர் பேரும் பொருள் பேரும் இருக்கணும், தமிழ்லயும் வேணும் இங்கிலீஷ் எழுத்துலயும் வேணும், ஏன்னா நம்ம ஆளுங்க தேடறது ரெண்டு விதமாவும் தேடுவாங்க. பத்து நாள்ல முதல் இடம்னு சத்தியம் பண்றவங்களை நம்பாதீங்க, மெதுவாத்தான் வரும்.

நம்பர் சைட்ல ஏறின உடனே சில போன் வரும், முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க. "கூகுள்ல இருந்து பேசறோம், உங்க லிஸ்டிங் எக்ஸ்பைர் ஆகுது, பணம் கட்டுங்க"ம்பாங்க, அந்த லிஸ்டிங் இலவசம், கட் பண்ணுங்க. "ஆர்மி கேம்ப்ல இருந்து பேசறேன், இருபது கிலோ வேணும், பணம் அனுப்பறேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க"ன்னு இந்தில ஒருத்தர் பேசுவார், பெரிய ஆர்டர்ங்கற சந்தோஷத்துல ஏமாறாதீங்க, பணம் வாங்கறதுக்கு ஸ்கேனும் வேண்டாம் யூபிஐ பின் நம்பரும் வேண்டாம், பின் நம்பர் அடிச்சீங்கன்னா உங்க காசுதான் போகும். போயிடுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

சைட் போட்டப்புறம் வேலை ரொம்பக் கம்மி. மாசம் ஒரு தடவை உள்ள போய் பேக்கப் எடுத்துட்டு, அப்டேட் குடுத்துட்டு, வாட்ஸ்அப் பட்டனை வேற ஒரு போன்ல இருந்து அமுக்கிப் பாருங்க. எண்ணெய் விலை ஏறி ரேட்டை மாத்தினா அன்னைக்கே சைட்லயும் மாத்திடுங்க, பழைய ரேட்டைக் காட்டி கஸ்டமர் கேட்டா அவங்க கேக்கறதுதான் நியாயம். தீபாவளிக்கு எந்தத் தேதி வரைக்கும் ஆர்டர் எடுப்பீங்க, கடைசி பார்சல் எப்ப கிளம்பும்னு ஒரு மாசம் முன்னாடியே மேல பெருசா போட்டுடுங்க, தீபாவளி முடிஞ்ச மறுநாள் அதை எடுத்துடுங்க.